ஒரே நாணல் தீவில் இரு கூழைக்கடாக்கள்: சிறிய பிரெஸ்பா ஏரி பற்றிய நிகழ்வு ஆய்வு

2022 பிப்ரவரியில், கிரேக்கத்தின் வடமேற்கு மூலையிலுள்ள சிறிய பிரெஸ்பா ஏரியில், அந்த ஆண்டின் கூடுகளைக் கட்டத் தொடங்கியிருந்த டால்மேஷியக் கூழைக்கடாக்கள் நாணல் தீவுகளின் மேலும் அவற்றைச் சூழ்ந்த நீரிலும் கூட்டங்கூட்டமாக இறக்கத் தொடங்கின. எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சலே காரணம் என்பது சோதனைகளில் உறுதியானது. அந்தப் பருவத்தில் பிரெஸ்பாவில் மட்டும் எண்ணப்பட்ட உடல்கள் 1,734. அதற்கு முன் அங்கே சுமார் 1,400 இணைகள் கூடு கட்டிவந்தன. அதாவது ஏறத்தாழ 2,800 முதிர்ந்த பறவைகளில் பத்துக்கு ஆறு என்ற கணக்கில் போயின. உலகிலேயே மிகப் பெரிய டால்மேஷியக் கூழைக்கடாக் குடியிருப்புக்கு நேர்ந்தது இது. தென்கிழக்கு ஐரோப்பா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், இறந்தவை இரண்டாயிரத்தைத் தாண்டின. அப்பகுதியில் அந்த இனத்தின் எண்ணிக்கையில் சுமார் 40% அந்த ஒரே பருவத்தில் குறைந்தது.

அதே ஏரியில், அதே தீவுகளில், ஆண்டுதோறும் இன்னொரு கூழைக்கடா இனமும் கூடு கட்டுகிறது. அது வெள்ளைக் கூழைக்கடா. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே: பெரிய உடல், நீண்ட அலகு, அதன் கீழே தொங்கும் பை, மீன் உணவு. பேரழிவு உச்சத்திலிருந்த வாரங்களில் வெள்ளைக் கூழைக்கடாக்களில் பெரும்பாலானவை ஏரிக்கு வந்து சேரவே இல்லை. அவை வராததற்குத் தற்செயலைக் காரணம் சொல்ல முடியாது. இரு இனங்களும் ஓர் ஏரியைப் பயன்படுத்தும் முறை அடிப்படையிலேயே வேறு என்பதும், அந்த வேறுபாடே யாருக்கு எப்போது எங்கே ஆபத்து என்பதைத் தீர்மானிக்கிறது என்பதும் இந்த ஆய்வின் வாதம். பிரெஸ்பாவை அதற்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இரு இனங்களும் அருகருகே கூடு கட்டும் இடங்கள் உலகில் அதிகமில்லை. அவற்றிலும் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டுவரும் இடங்கள் மிகக் குறைவு.

ஏரியும் தீவுகளும்

கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ, இரண்டு ஏரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. பெரிய பிரெஸ்பாவை கிரேக்கம், அல்பேனியா, வடக்கு மாசிடோனியா ஆகிய மூன்று நாடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. சிறிய பிரெஸ்பாவின் பெரும்பகுதி கிரேக்கத்திலும், தென்மேற்கு நுனி அல்பேனியாவிலும் இருக்கிறது. இரண்டையும் பிரிப்பது ஒரு குறுகிய மணல் திட்டு. அதில் கூலா என்னுமிடத்தில் ஒரு கால்வாயும் மதகும் உள்ளன. பெரிய ஏரியின் நீர் சுண்ணாம்புப் பாறைகளின் ஊடாக நிலத்தடியில் கசிந்து ஓரிட் ஏரிக்குப் போய்விடுகிறது. கடந்த சில பத்தாண்டுகளில் அதன் மட்டம் கணிசமாகத் தாழ்ந்துவிட்டதால், இப்போது சிறிய ஏரியே மேலே இருக்கிறது. ஆகவே சிறிய ஏரியின் நீர்மட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அந்த மதகைத் திறப்பவர்களும் மூடுபவர்களும் பெருமளவு முடிவு செய்கிறார்கள். கூழைக்கடாவைப் பொறுத்தவரை இது சிறிய செய்தி அல்ல.

கிரேக்கப் பகுதி 1974-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சிறிய ஏரி ராம்சர் உடன்பாட்டின் கீழும் வந்தது. 1991-இல் பிரெஸ்பா பாதுகாப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. 2000 பிப்ரவரி 2 அன்று மூன்று நாடுகளும் சேர்ந்து எல்லை கடந்த பூங்காவாக இப்பகுதியை அறிவித்தன. இந்த அரண்கள் வருவதற்கு முன், மீனவர்கள் கூழைக்கடாவைப் போட்டியாளராகவே பார்த்தார்கள். கூடுகளைக் கலைப்பதும் முட்டைகளை உடைப்பதும் பால்கன் நாடுகள் பலவற்றிலும் வழக்கமாக இருந்தன. 1980-களின் தொடக்கத்தில் பிரெஸ்பாவின் டால்மேஷியக் கூழைக்கடாக்கள் நூற்றுச் சொச்சம் இணைகளே. அந்த நிலையிலிருந்து ஆயிரத்தைக் கடந்த வளர்ச்சியைப் பறவைப் பாதுகாப்பில் ஐரோப்பா பெருமையுடன் காட்டும் வெற்றிகளில் ஒன்றாகச் சொல்லலாம். அந்த வெற்றிக்குள்ளேயே 2022-இன் பலவீனமும் இருந்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

கூடுகள் இருப்பது நாணல் தீவுகளில். இவை நிலத்தீவுகள் அல்ல. அடர்ந்த நாணல் வேர்களும் மட்கிய தண்டுகளும் சேர்ந்து நீரில் நிற்கும் திட்டுகள். நரியும் காட்டுப்பன்றியும் நாயும் எட்ட முடியாதவாறு நடுவே நீர் இருப்பதுதான் இவற்றின் ஒரே காவல். நீர் தாழ்ந்தால் திட்டு கரையோடு ஒட்டிக்கொள்ளும். இளவேனிலில் நீர் திடீரென உயர்ந்தால் முட்டையோடு கூடு மூழ்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அரை மீட்டர் அளவில்கூட இருக்கலாம்.

உறவு எவ்வளவு நெருக்கம்

பெலிகானஸ் என்ற ஒரே பேரினத்தில் உலகெங்கும் எட்டுக் கூழைக்கடா இனங்கள் உள்ளன. வெள்ளைக் கூழைக்கடாவுக்கு லின்னேயஸ் 1758-இலேயே அறிவியல் பெயர் கொடுத்துவிட்டார். டால்மேஷியக் கூழைக்கடாவை அதிலிருந்து பிரித்து, தனி இனமாகக் கார்ல் ஃபிரீட்ரிக் புரூக் விவரித்தது 1832-இல். ஐரோப்பியக் கல்வியாளர்கள் தங்கள் வாசலில் இருந்த இரண்டு பெரிய பறவைகளை எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாகவே கருதினார்கள் என்பது, இவை எவ்வளவு ஒத்துத் தோன்றுகின்றன என்பதற்கு நல்ல சான்று.

ஆனால் தோற்றம் இங்கே ஏமாற்றுகிறது. 2013-இல் வெளியான மரபணு ஆய்வின்படி, டால்மேஷியக் கூழைக்கடாவுக்கு மிக நெருங்கிய உறவுகள் ஆப்பிரிக்காவின் இளஞ்சிவப்பு முதுகுக் கூழைக்கடாவும், நம் ஊர் ஏரிகளில் காணும் புள்ளி அலகுக் கூழைக்கடாவும்தான். ஆஸ்திரேலியக் கூழைக்கடா அதற்கடுத்த உறவு. பழைய உலகக் கிளையில் எல்லாவற்றுக்கும் முன்பே பிரிந்து சென்றது வெள்ளைக் கூழைக்கடா. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் மரக்கிளையில் கூடு கட்டும் சாம்பல் நிறப் பறவையை, ஒரு காலத்தில் டால்மேஷியக் கூழைக்கடாவின் துணையினமாகவே வகைப்படுத்தியிருந்தார்கள். இன்று இரண்டும் தனித்தனி இனங்கள். ஆனாலும் பிரெஸ்பாவின் டால்மேஷியக் கூழைக்கடாவுக்கு, பக்கத்துக் கூட்டில் அடைகாக்கும் வெள்ளைக் கூழைக்கடாவைவிட, செங்கல்பட்டு மாவட்டத்தில் கருவேல மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவையே நெருங்கிய சொந்தம்.

களத்தில் பிரித்தறிதல்

எடையிலும் நீளத்திலும் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. இரண்டிலும் பெரிய ஆண் பறவைகள் பத்துக் கிலோவைத் தாண்டும், இறக்கை விரிப்பு மூன்று மீட்டரை எட்டும். பறக்கும் பறவைகளில் உலகிலேயே மிகக் கனமானவற்றுள் டால்மேஷியக் கூழைக்கடா ஒன்று. எனவே அளவை வைத்துப் பிரிப்பது வீண். நம்பகமான அடையாளங்கள் வேறு. பறக்கும்போது வெள்ளைக் கூழைக்கடாவின் இறக்கை அடிப்புறம் முன்பாதி தூய வெள்ளையாகவும் பின்பாதி கரிய சிறகுகளாகவும், கோடு போட்டாற்போல இரண்டாகப் பிரிந்து தெரியும். டால்மேஷியக் கூழைக்கடாவின் அடிப்புறம் மங்கிய சாம்பல் வெள்ளை. அதில் அத்தகைய கோடு இல்லை. நிற்கும்போது காலைப் பார்க்கலாம்: முன்னதற்கு இளஞ்சிவப்பு, பின்னதற்கு ஈய நிறம்.

நீரில் மிதக்கையில் காலும் இறக்கையும் மறைந்துவிடும், முகம்தான் துணை. வெள்ளைக் கூழைக்கடாவின் கண்ணைச் சுற்றி அகன்ற, இறகற்ற தோல் இருக்கிறது. அதனால் நெற்றி இறகுகள் அலகை நோக்கி ஒரு கூர்முனையாகக் குறுகுகின்றன, கண் கருமையாகத் தெரிகிறது. டால்மேஷியக் கூழைக்கடாவுக்கு அந்த வெற்றுத் தோல் மிகச் சிறியது. நெற்றி இறகுகள் அகலமாகவே அலகைத் தொடுகின்றன. கண் வெளிறியது. பிடரியில் சுருண்டு கலைந்த இறகுகள் அதற்கு எப்போதும் தூங்கி எழுந்த தோற்றத்தைத் தருகின்றன. இனப்பெருக்கத் தொடக்கத்தில் அதன் அலகுப் பை ஆரஞ்சு கலந்த சிவப்பாகக் கனன்று, குஞ்சுகள் வளர வளர மங்கிவிடும். வெள்ளைக் கூழைக்கடாவின் பை மஞ்சள். பருவம் வந்ததும் அதன் உடலில் இளஞ்சிவப்புச் சாயல் ஏறும், நெற்றியில் ஒரு புடைப்பும் தோன்றும். கணக்கெடுப்பாளர்கள் இந்தச் சிறு விவரங்களில் அக்கறை காட்டுவதற்குக் காரணம், இவற்றைத் தவறவிட்டால் இரு இனங்களின் எண்ணிக்கையும் ஒன்றாகக் கலந்து, ஓர் இனத்தின் சரிவை மற்றதன் வரவு மறைத்துவிடும் என்பதே.

இரை தேடும் எல்லை

உண்மையான வேறுபாடு தொடங்குவது இங்கேதான். வெள்ளைக் கூழைக்கடா கூட்டமாக வேட்டையாடும் பறவை. எட்டு, பத்து, சில வேளைகளில் அதற்கும் மேற்பட்ட பறவைகள் நீரில் குதிரைலாட வடிவில் வரிசைகட்டி, ஆழம் குறைந்த பகுதியை நோக்கி மீன்களைத் துரத்திச் சென்று, ஏறக்குறைய ஒரே கணத்தில் அலகுகளை நீருக்குள் இறக்கும். இந்த முறை பயன்தர வேண்டுமானால் மீன் அடர்த்தியாக இருக்க வேண்டும், நீர் ஆழமற்றதாக இருக்க வேண்டும். சிறிய பிரெஸ்பாவில் அத்தகைய இடங்கள் எப்போதும் கிடைப்பதில்லை. ஆகவே அங்கே கூடு கட்டும் வெள்ளைக் கூழைக்கடாக்கள் தங்கள் உணவில் பெரும்பகுதியை மலைகளுக்கு அப்பாலுள்ள வேறு ஏரிகளில் தேடுகின்றன. முற்பகலில் நிலம் சூடேறி வெப்பக் காற்று மேலெழத் தொடங்கியதும், அவை வட்டமிட்டு உயர்ந்து, இறக்கையை அதிகம் அடிக்காமல் மலைமுகடுகளைக் கடந்து காஸ்டோரியா முதலிய நீர்நிலைகளுக்குப் போகின்றன. இரையை வயிற்றில் சுமந்து கூட்டுக்குத் திரும்புகின்றன. ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு மேல் மீன் வேண்டும், குஞ்சுக்கும் சேர்த்துத் தேட வேண்டும். அதற்காக இவ்வளவு தொலைவு பறப்பது செலவு மிகுந்த ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் வெப்பக் காற்று சுமக்கும்வரை அந்தச் செலவு குறைவு.

டால்மேஷியக் கூழைக்கடாவின் வழி வேறு. அதற்கும் வட்டமிட்டு உயரத் தெரியும். அதுவும் தேவைப்பட்டால் அடுத்த ஏரிக்குப் போகிறது. ஆனால் அது பெரும்பாலும் தனியாகவோ, இரண்டு மூன்று பறவைகளாகவோ மீன் பிடிக்கிறது. நீர்க்காகங்கள் மூழ்கி மீன்களைக் கலைக்கும்போது மேலே காத்திருந்து பயன்பெறுகிறது. திறந்த ஆழமான நீரிலும் அதனால் இரை பிடிக்க முடிகிறது. எனவே பிரெஸ்பா ஏரிகள் இரண்டுமே அதற்கு உணவிடங்கள். இளவேனிலில் இந்த ஏரிகளுக்கே உரிய சிறு மீன்கள் முட்டையிடக் கரையோர ஆழமற்ற நீருக்கு வருவது அதற்கு நல்ல காலம். சுருங்கச் சொன்னால், சிறிய பிரெஸ்பா வெள்ளைக் கூழைக்கடாவுக்குச் சத்திரம். டால்மேஷியக் கூழைக்கடாவுக்கோ அது வீடும் விளைநிலமும்.

இந்த வேறுபாடு புரியாமல் மீனவர்களோடு நடந்த பழைய வாக்குவாதங்களைப் படிப்பது சற்றுச் சிரிப்பையும் வருத்தத்தையும் தருகிறது. கண்ணுக்கு மிகுதியாகத் தெரியும் பெரிய வெள்ளைக் கூட்டம்தான் ஏரியைக் காலி செய்கிறது என்ற குற்றச்சாட்டு எளிதில் எழக்கூடியது. ஆனால் அந்தக் கூட்டத்தின் உணவு பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கம்.

ஆண்டின் ஒழுங்கு

டால்மேஷியக் கூழைக்கடா குறுந்தொலைவு வலசைப் பறவை. பால்கன் கூட்டம் கிரேக்கம், அல்பேனியா, துருக்கி ஆகிய நாடுகளின் கடலோரக் காயல்களிலும் தாழ்நில ஏரிகளிலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஜனவரி இறுதியிலேயே பிரெஸ்பாவுக்குத் திரும்பத் தொடங்கும். மலைகளில் பனி கிடக்கும், சில ஆண்டுகளில் ஏரியின் ஓரங்கள் உறைந்தே இருக்கும். இருந்தும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முட்டைகள் விழுந்துவிடும். வழக்கமாக இரண்டு முட்டை, ஒரு மாதத்துக்குச் சற்று மேல் அடைகாப்பு. குஞ்சு பறக்க ஏறத்தாழ பன்னிரண்டு வாரம் ஆகும். நாணல் தண்டுகளைக் குவித்துக் கட்டிய பெரிய கூடுகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருக்கும்.

வெள்ளைக் கூழைக்கடா ஆப்பிரிக்காவிலிருந்து வர வேண்டும். முதல் பறவைகள் மார்ச் நடுவிலிருந்து தலைகாட்டினாலும், முட்டையிடுவது ஏப்ரல், மே மாதங்களில். அதற்குள் டால்மேஷியக் கூழைக்கடாக்களில் முந்தியவற்றின் குஞ்சுகள் பொரித்திருக்கும். புதிதாக வந்தவை, முன்பே மிதிபட்டுச் சமமாகிவிட்ட திட்டுகளில், டால்மேஷியக் கூடுகளுக்கு அருகிலேயே இடம்பிடிக்க விரும்புகின்றன. முன்னே வந்தவை உட்கார்ந்திருப்பது அந்த இடம் பாதுகாப்பானது என்பதற்கு ஓர் அத்தாட்சியாகப் பயன்படுகிறது போலும். வெள்ளைக் கூழைக்கடாவின் குஞ்சுகள் மூன்று நான்கு வார வயதில் கூட்டை விட்டிறங்கி ஒன்றாகத் திரளும். கோடையின் இறுதியில் எல்லாம் தெற்கே கிளம்பிவிடும்.

இந்தப் பயணம் பழையது. கூழைக்கடாக்கள் ஸ்திரைமோன் ஆற்றிலிருந்து தனூப் ஆற்றுக்குப் போய் அங்கே குஞ்சு பொரிக்கின்றன என்றும், மலையைக் கடக்கையில் பின்னால் வருபவை கண்ணுக்குத் தெரியாமல் போவதால் முன்னே செல்பவை காத்திருக்கின்றன என்றும் அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அவர் எந்த இனத்தைச் சொன்னார் என்பதை அந்த வரிகளிலிருந்து தீர்மானிக்க இயலாது. திரளாகப் புறப்பட்டு மலை கடக்கும் பழக்கத்தை வைத்துப் பார்த்தால் வெள்ளைக் கூழைக்கடாவாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஸ்திரைமோன் ஆற்றின் கெர்கினி ஏரியில் இன்றும் இரு இனங்களையும் பார்க்கலாம்.

2022: எது யாரைத் தாக்கியது

இப்போது பேரழிவுக்குத் திரும்பலாம். 2021–22 குளிர்காலத்தில் ஐரோப்பா அதுவரை கண்டிராத அளவில் பறவைக் காய்ச்சல் பரவியிருந்தது. வாத்துகளும் காட்டு நீர்ப்பறவைகளும் குளிர்காலத்தில் குவியும் தாழ்நிலச் சதுப்புகளில்தான் டால்மேஷியக் கூழைக்கடாவும் தங்குகிறது. கிருமி குளிர்ந்த நீரில் நெடுநாள் உயிர்ப்போடு இருக்கும். நோய்த்தொற்று உள்ள சில பறவைகள் பிப்ரவரியில் பிரெஸ்பாவை அடைந்தால் போதும். கூடுகள் ஒன்றையொன்று தொடும் தீவில், ஒரே நீரில் குளித்துக் குடிக்கும் பறவைகளிடையே, தொற்று பரவ வேறு துணை தேவையில்லை. பாதுகாப்பு உடையணிந்த பணியாளர்கள் படகில் சென்று உடல்களை அகற்றினார்கள்.

இதற்கு முன்னோட்டம் ஒன்று இருந்தது. 2015-இல் பல்கேரியாவின் ஸ்ரெபர்னா ஏரியிலும் ருமேனியாவின் தனூப் கழிமுகத்திலும் டால்மேஷியக் கூழைக்கடாக்கள் எச்5என்1 தாக்கி இறந்தன. அப்போதும் பருவம் இளவேனிலின் தொடக்கமே. ஒரே இனம், ஒரே பருவம், இரு முறை. குளிர்காலத்தை வாத்துகளோடு கழித்துவிட்டு, நேரே நெருக்கமான கூட்டுத்தீவுக்கு வந்து, கிருமிக்குச் சாதகமான குளிரிலேயே இனப்பெருக்கத்தைத் தொடங்கும் ஆண்டொழுங்குதான் இரண்டுக்கும் பொதுவானது என்று நான் கருதுகிறேன்.

இதிலிருந்து வெள்ளைக் கூழைக்கடாவுக்கு இந்நோய்க்கு எதிரான தனி வலிமை உண்டு என்று முடிவு செய்வது பிழை. 2021 ஜனவரியில் செனகல் நாட்டின் ஜூஜ் பறவைப் பூங்காவில் சுமார் 750 வெள்ளைக் கூழைக்கடாக்கள் எச்5என்1 தாக்கி இறந்தன. அவை மேற்கு ஆப்பிரிக்காவிலேயே வாழ்ந்து அங்கேயே கூடு கட்டும் கூட்டத்தைச் சேர்ந்தவை. பிரெஸ்பாவுக்கு வருபவை அல்ல. ஆனால் அங்கே மடிந்தவற்றில் பெரும்பாலானவை அந்தப் பருவத்துக் குஞ்சுகளும் இளம்பறவைகளும். பிரெஸ்பாவில் மடிந்தவையோ கூடு கட்டவந்த முதிர்ந்த பறவைகள். இந்த வேறுபாட்டின் எடை பெரிது. கூழைக்கடா முதன்முறை இனப்பெருக்கம் செய்ய மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஓர் இணை ஆண்டுக்கு ஒரு குஞ்சைப் பறக்கவிட்டாலே நல்ல ஆண்டு. நீண்ட ஆயுளை நம்பி வாழும் இத்தகைய பறவைக்கு, ஓராண்டுக் குஞ்சுகள் முழுவதும் போனால்கூட ஈடுசெய்ய வழியுண்டு. முதிர்ந்தவற்றில் பாதிக்கு மேல் போனால், ஒரு தலைமுறைக் காலம் காத்திருக்க வேண்டும்.

இங்கேதான் அந்த வெற்றிக்குள் ஒளிந்திருந்த பலவீனம் தெரிகிறது. பிரெஸ்பா பாதுகாப்பாக இருந்ததால் அங்கே பறவைகள் பெருகின, பெருகியதால் மேலும் நெருங்கின. உலகில் பதினோராயிரம் முதல் பதின்மூவாயிரம் வரையே முதிர்ந்த பறவைகள் இருப்பதாக மதிப்பிடப்பட்ட ஓர் இனத்தில், 2,800 பறவைகள் சில நாணல் திட்டுகளில் இருந்தன. காவலும் மதகுப் பராமரிப்பும் சரியாகவே செய்யப்பட்டன. செய்தவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. எண்ணிக்கையைக் கொண்டே வெற்றியை அளந்த அளவுகோல்தான் பரவலைக் கணக்கில் கொள்ளவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017-இல் இந்த இனத்தை அழிவாய்ப்புள்ள நிலையிலிருந்து ஒரு படி இறக்கி, அச்சுறு நிலையை அண்மித்ததாக அறிவித்ததும் ஐரோப்பாவில் எண்ணிக்கை உயர்ந்ததை ஒட்டித்தான்.

வெள்ளைக் கூழைக்கடாவின் ஆபத்து வேறிடத்தில்

உலக அளவில் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருக்கும் வெள்ளைக் கூழைக்கடா, கவலை குறைந்த இனம் என்ற பட்டியலில் இருக்கிறது. அந்த எண்ணில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் கூடு கட்டுபவை பெரும்பாலும் தனூப் கழிமுகத்தில் இருக்கின்றன. பிரெஸ்பாவில் இருப்பவை சில நூறு இணைகளே. கிழக்கு ஐரோப்பாவின் வெள்ளைக் கூழைக்கடாக்களில் ஏறத்தாழ அனைத்தும் இலையுதிர் காலத்தில் இஸ்ரேல் வழியாகவே தெற்கே செல்கின்றன. இயற்கைச் சதுப்புகள் வற்றடிக்கப்பட்டுவிட்ட அந்தச் சிறு நாட்டில், பல்லாயிரம் பறவைகள் பாலைவனத்தைக் கடக்கும் முன் இறங்கி உண்ண மீன்வளர்ப்புக் குளங்களைத் தவிர வேறிடம் குறைவு. பண்ணை உரிமையாளர்களின் இழப்பைக் குறைக்க, ஹெஃபர் பள்ளத்தாக்கிலுள்ள மிஷ்மர் ஹஷரோன் நீர்த்தேக்கம் போன்ற சில இடங்களில் கூழைக்கடாக்களுக்கென்றே மீன் விட்டுவைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. பிரெஸ்பாவில் கூடு கட்டிய ஒரு பறவையின் வாழ்வு அந்த நீர்த்தேக்கத்து மீனையும், அதற்கப்பால் நைல் வடிநிலத்துச் சதுப்புகளையும் நம்பியிருக்கிறது. பிரெஸ்பாவில் எவ்வளவு காவல் வைத்தாலும் அந்தப் பகுதியைக் காக்க முடியாது.

டால்மேஷியக் கூழைக்கடாவுக்கு வழித்தட ஆபத்து இல்லாமலில்லை. கிரேக்கத்தின் திரேஸ் கடலோரத்தில் போர்ட்டோ லாகோஸ் அருகே, குளிர்காலத்தில் உணவிடத்துக்கும் தங்குமிடத்துக்கும் இடையே தாழப் பறந்த பறவைகள் மின்கம்பிகளில் மோதி இறந்ததை 1980-களில் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கனத்த உடல் சட்டெனத் திரும்ப இடம்கொடுக்காது. ஆனால் இது ஒரே நாட்டுக்குள், ஒரு மின்வாரியத்தோடு பேசித் தீர்க்கக்கூடிய சிக்கல். வெள்ளைக் கூழைக்கடாவின் சிக்கலுக்கு அத்தகைய ஒற்றை முகவரி கிடையாது.

பராமரிப்புக்கு இதனால் என்ன

இரு இனங்களுக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. நாணல் திட்டுகள் நீரால் சூழப்பட்டு, மனிதர் நெருங்காமல் இருக்க வேண்டும். 2000-களின் நடுப்பகுதியில் கூலா மதகு புதுப்பிக்கப்பட்டு, நீர்மட்டத்தை உழவர்களோடும் பேசி ஒழுங்குபடுத்தும் முறை வந்தது. கரையோர நாணலை வெட்டியும், எருமைகளையும் மாடுகளையும் மேயவிட்டும் ஈரப் புல்வெளிகள் மீட்கப்பட்டன. அந்த ஆழமற்ற நீர் மீன்கள் முட்டையிடும் இடம் என்பதால் அதன் பயன் முதலில் சேருவது டால்மேஷியக் கூழைக்கடாவுக்கு. மதகைப் பற்றிய முடிவுகளில் பருவ வேறுபாடும் கவனிக்கப்பட வேண்டும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நீர் உயர்ந்தால் மூழ்குவது ஓர் இனத்தின் முட்டைகள். கோடையில் நீர் தாழ்ந்து திட்டு கரையோடு ஒட்டினால் நரிக்குக் கிடைப்பது பெரும்பாலும் மற்ற இனத்தின் குஞ்சுகள். ஒரே மாதத்து நிலையை வைத்து அந்த ஆண்டு நல்லது என்றோ கெட்டது என்றோ எழுதுவது இரண்டில் ஒன்றைப் பற்றியே சொல்லும்.

டால்மேஷியக் கூழைக்கடாவைப் பொறுத்தவரை, இனி பிரெஸ்பாவின் எண்ணிக்கையை மீண்டும் 1,400-க்கு உயர்த்துவதைவிட, கூடு கட்டும் இடங்களின் எண்ணிக்கையை உயர்த்துவதே முக்கியம் என்பது என் மதிப்பீடு. அதற்கு வழி ஏற்கெனவே தெரிந்ததுதான். கெர்கினி ஏரியில் செயற்கைத் திட்டுகளும் மேடைகளும் அமைத்த பின், 2003-இலிருந்து அங்கே இந்த இனம் கூடு கட்டத் தொடங்கியது. ஒரு காலத்தில் வற்றடிக்கப்பட்டு மீண்டும் நீர் நிரப்பப்பட்ட கார்லா ஏரியிலும் அது குடியேறியது. மாண்டினீக்ரோவின் ஸ்கடார் ஏரியில் மிதவைகள் அமைத்தார்கள். அல்பேனியாவின் கரவஸ்தா காயலில் பழைய குடியிருப்பு ஒன்று மீண்டுவந்தது. இவை ஒவ்வொன்றும் சிறியவை, செலவும் காவலும் தனித்தனியே கேட்பவை. நூறு இணைகள் வீதம் பத்து இடங்களில் இருப்பது அறிக்கைகளில் ஆயிரம் இணைகள் கொண்ட ஒரே ஏரியைப் போலப் பளிச்சிடாது. ஆனால் அடுத்த முறை கிருமி ஓரிடத்தில் இறங்கும்போது மற்ற ஒன்பதில் அடைகாப்பு நடந்துகொண்டிருக்க வாய்ப்புண்டு.

வெள்ளைக் கூழைக்கடா விஷயத்தில் அந்தத் தீர்வு பொருந்தாது. அது புதிய மேடைகளைத் தேடிப் பரவும் பறவை அல்ல. திரளாகவே கூடு கட்டும், பெரும்பாலும் மற்றவை இருக்குமிடத்திலேயே கட்டும். பிரெஸ்பாவில் அதற்கு வேண்டியது, தான் வரும் வேளையில் முன்பே உட்கார்ந்திருக்கும் டால்மேஷியக் கூடுகளும், சுற்றிலும் நூறு கிலோமீட்டருக்குள் மீன் நிறைந்த, ஆழமற்ற ஏரிகளும். டால்மேஷியக் கூழைக்கடாக்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்ட தீவில் பின்னால் வருபவை எங்கே, எவ்வளவு நெருக்கமாகக் கூடு அமைக்கின்றன என்பதை ஆண்டுதோறும் இன வாரியாகப் பிரித்துப் பதிவு செய்தால்தான் ஒன்றின் இழப்பு மற்றதன் இனப்பெருக்கத்தை எந்த அளவு தொடுகிறது என்பது தெரியவரும். அந்தப் பதிவை வான்வழிப் படங்களிலிருந்து எடுப்பதானால் மே மாதத்துப் படம் மட்டும் போதாது. மார்ச் தொடக்கத்தில் ஒன்றும், ஜூன் மாதத்தில் மற்றொன்றும் கட்டாயம் வேண்டும்.